கையில் குத்திய மச்சம்

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்

இடது முட்டி காலையில் இரண்டு தடவை பிடித்தது. மாலையில் ஒன்று.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. மருமகள் மெர்லின்தான் பொத்தானைக் காட்டிக்கொடுத்தாள். "வலி எப்பெப்போ வருதுன்னு குறிச்சி வெக்கச் சொன்னாரு டாக்டரு. இதுல சொல்லிக்கினே வாங்க மாமா." இன்னொரு பொத்தானை அழுத்தினால் ஒரு பொம்பளை குரல் எல்லாவற்றையும் திருப்பிப் படிக்கிறது. நான் சொன்னதைத்தான் படிக்கிறாள். ஆனாலும் பாதியை முழுங்கிவிட்டுப் படித்தால் எனக்கு எப்படித் தெரியும்?

வியாழக்கிழமை தோறும் மகனுக்குச் சுரங்கக் கம்பெனி கொடுத்த இந்தக் குவார்ட்டர்ஸில் வேதபாடம் நடத்தப் போகிறார்களாம். என்னைக் கேட்காமலே முடிவு செய்தாகிவிட்டது.

ஆகஸ்ட் 8, வியாழன்

வேதபாடம் சொல்ல வந்தவள் விஜயகுமாரி டீச்சர். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவள். பிளாக்கில் எட்டுப் பேர் வந்தார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. அதுதான் எனக்கு இடிக்கிறது. சும்மா எதற்கு ஒருத்தி வீடு வீடாக வருகிறாள்?

கதை எனக்குத் தெரிந்ததுதான். சின்ன வயதில் வேதக்கோவிலில் காதால் கேட்டது ஒன்றும் என்னிடமிருந்து போகவில்லை. பசியோடு வந்த அண்ணன் ஏசாவுக்கு ஒரு கிண்ணம் கூழைக் கொடுத்து மூத்தவன் உரிமையை வாங்கிக்கொள்கிறான் தம்பி யாக்கோபு. "பசியில இருக்கிறவன்கிட்ட பேரம் பேசுறவன் எப்பேர்ப்பட்டவன்?" என்று கேட்டுவிட்டு டீச்சரம்மா நேராக என்னைப் பார்த்தாள்.

எட்டுப் பேர் இருக்கும்போது என்னை ஏன் பார்க்க வேண்டும்?

ஆகஸ்ட் 15, வியாழன்

சொல்லிவிட்டார்கள். யாரோ சொல்லிவிட்டார்கள்.

இன்று என்ன பாடம் தெரியுமா? அண்ணனுக்கு உள்ள ஆசீர்வாதத்தை வாங்க, கண் தெரியாத அப்பன் முன்னால் போய் யாக்கோபு "நான்தான் ஏசா" என்று நிற்கிறான். ஏசாவுக்கு உடம்பெல்லாம் முடி. அதனால் அம்மாக்காரி இவன் கையில் ஆட்டுத்தோலைக் கட்டி அனுப்புகிறாள். அப்பன் தடவிப் பார்த்து ஏமாந்துபோகிறான். டீச்சரம்மா தன் கையைத் தானே தடவிக் காட்டினாள். நான் இடது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டேன். முட்டி வலி என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

போனுக்கு என் கட்டைவிரல் வைத்தால்தான் திறக்கும். அதனால் சொல்கிறேன்.

என் பேர் மாசிலாமணி. அருள்நாதன் என் தம்பி.

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். எட்டாவது படித்தவன் தம்பிதான், அவன் பேரைத்தான் அப்பா எழுதிக்கொடுத்தார். பிறகு அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு தம்பி பம்பாய்க்கு ரயில் ஏறினான். எட்டு மாதம் ஒரு தகவல் இல்லை. அந்த நேரம் பார்த்து வேலைக்குக் கூப்பிட்டுக் கார்டு வந்தது. எழுபத்தைந்தாம் வருஷம், பொங்கல் முடிந்த மூன்றாம் நாள். அம்மா சொன்னாள்: "அவன் எங்க இருக்கானோ. நீ போடா. பேர்ல என்னா கெடக்குது?"

பேரில் ஒன்றும் இல்லை, மச்சத்தில் இருந்தது. பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் அங்க அடையாளம் போட்டிருந்தார்கள், இடது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம். எனக்கு அங்கே வெறும் தோல். தைப்பூசத்துக்கு வடலூர் கூட்டத்தில் பச்சை குத்துகிறவள் முன்னால் அம்மா என்னை உட்கார வைத்தாள். "ஒரே ஒரு பொட்டு போதும்மா." மெடிக்கலில் டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு டிக் அடித்தார்.

முப்பத்து மூன்று வருஷம் நான் அருள்நாதன். கையெழுத்துப் போடக் கோலம் மாதிரிப் பழகிக்கொண்டேன். எனக்கு எழுதத் தெரிந்தது அந்த ஒரே பேர்தான். காகிதம் நீட்டினால் கண்ணாடி எடுத்து வரவில்லை என்பேன்.

ஒன்றரை வருஷம் கழித்துத் தம்பி வந்தான். நான் யூனிபாரத்தில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தேன். "அப்ப நான் யாரு?" என்றான். அவ்வளவுதான். அடிக்கவில்லை, ஆபீசில் போய்ச் சொல்லவில்லை. அதே மைன்ஸில் கான்ட்ராக்டில் மண் அள்ளினான். நான் பர்மனென்ட். கேட்டில் நேருக்கு நேர் வந்தால் வேறு பக்கம் பார்ப்போம்.

மச்சம் குத்தினது தெரிந்தவர்கள் ஐந்து பேர். அப்பா, அம்மா இல்லை. என் பெண்சாதி சவரியம்மாள் போய் எட்டு வருஷம். மிச்சம் நான், தம்பி.

அப்படியென்றால் அவன்தான்.

ஆகஸ்ட் 16

முழுக்கைச் சட்டை. வெயில் கொளுத்துகிறது.

ஆகஸ்ட் 19, திங்கள்

விசாரித்துவிட்டேன். டீச்சரம்மாவின் தங்கை பக்கத்து ஊர் வடக்குத்தில் வீடு கட்டிக் குடியிருக்கிறாளாம். தம்பியும் வடக்குத்து. இனி என்ன வேண்டும்? ஐம்பது வருஷம் வாயைத் திறக்காதவன் இப்போது பைபிளை வைத்து என்னை அடிக்கிறான்.

ஆகஸ்ட் 22, வியாழன்

கூட்டம் தொடங்கும் முன் மெர்லினிடம் லேசாகக் கேட்டேன், அடுத்த வாரம் என்ன பாடம் என்று டீச்சருக்கு யார் சொல்வது என்று. அவள் அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் புத்தகம் எடுத்தாள்.

"இதுல வருசம் பூரா போட்டிருக்கு மாமா. ஜனவரிலயே அச்சடிச்சி எல்லா ஊருக்கும் அனுப்பிட்டாங்க. கடலூர்லயும் இன்னிக்கு இதே பாடந்தான்."

புரட்டினேன். போன வாரப் பாடத்துக்குப் படம் இருந்தது. கட்டிலில் கிழவன், கையில் தோல் சுற்றிய பையன். திருட்டு முழி. அப்படியே பிடித்துப் போட்டிருக்கிறான் படக்காரன்.

சரி, டீச்சருக்கு யாரும் சொல்லவில்லை. அப்போது அச்சடித்தவனுக்கு யார் சொன்னது?

"என்னா மாமா தானா சிரிக்கிறீங்க?" என்றாள் மெர்லின். நான் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

யாக்கோபை மாமனார் ஏமாற்றுகிறான், பெண்ணையே மாற்றிக் கொடுத்து. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வந்தவர்கள் போன பிறகு சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

ஆற்றங்கரை. யாக்கோபு விடிய விடிய ஒருத்தரோடு மல்லுக்கட்டுகிறான், ஆசீர்வதித்தால்தான் விடுவேன் என்கிறான். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார், உன் பேர் என்ன?

டீச்சரம்மா சொன்னாள்: "முன்ன அப்பா கேட்டப்பவும் இதே கேள்விதாங்க. அப்ப ஏசான்னான். இருவது வருசம் கழிச்சித்தான் தன் பேர சொல்றான். கடவுளுக்குத் தெரியாதா அவன் பேரு? அவன் வாயால வரணும்னு கேட்டாரு."

பின்பக்கம் போய்ப் பைப்பில் முகம் கழுவினேன். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் சவரியம்மாள், அதுவும் கோபம் வந்தால்தான்.

இருபது வருஷமாம். எனக்கு நாற்பத்தொன்பது.

செப்டம்பர் 19, வியாழன்

முட்டி மோசம். ஆனாலும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

யாக்கோபு அண்ணனைப் பார்க்கப் போகிறான். ஏசா நானூறு ஆளோடு எதிரே வருகிறான். வந்தவன் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுகிறான். இதை நான் நம்பவில்லை. ஆறு வாரத்தில் முதல் முறையாக வாயைத் திறந்தேன்.

"ஏம்மா, கட்டிப்புடிக்க வர்றவன் எதுக்கு நானூறு ஆள கூட்டிக்கினு வர்றான்? அடிக்கத்தான் வந்திருப்பான். கடைசில என்னா நெனச்சானோ."

"இருக்கலாங்க ஐயா. ஏன் மனசு மாறுனான்னு எழுதல. எனக்கும் தெரியாது."

தெரியாது என்றாள்! இத்தனை வாரத்தில் அந்த ஒரு வார்த்தைதான் அவள்மேல் எனக்கு நம்பிக்கை வர வைத்தது. தெரிந்த மாதிரி பேசுகிறவர்களை நான் முப்பத்து மூன்று வருஷம் பார்த்தாயிற்று. நானே ஒருத்தன்.

"ஒண்ணு மட்டும் எழுதியிருக்குங்க. ஆத்தங்கரைல மல்லுக்கட்டுனப்ப அவன் தொடை சுளுக்கிக்கிச்சி. நேரா நடக்கிறவரைக்கும் யாக்கோபு காத்திருக்கல. நொண்டிக்கினேதான் போனான். நாமளும் அப்பிடிப் போனாப் போதும், கடவுள் அதுக்கு மேல கேக்கல," என்றாள்.

என் முட்டியைப் பற்றி மெர்லின் சொல்லியிருப்பாளோ?

செப்டம்பர் 24

தம்பி வீட்டுக்குப் போகவில்லை. வெட்டிவிடுவானோ என்று பயமில்லை. 'வா' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

செப்டம்பர் 29, ஞாயிறு

போனேன்.

கோவில் முடிந்து மெர்லினிடம் மருந்துக்கடை என்று பொய் சொன்னேன். அது ஒரு பொய்தான், கழித்துக்கொள்ளலாம். பஸ்ஸில் போய் வடக்குத்தில் இறங்கி நடந்தேன். மூன்று இடத்தில் நின்றேன்.

தம்பி பெண்சாதி கண்ணகி வாசலில் மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். பார்வை மங்கிவிட்டது போல. "யாருங்க?" என்றாள்.

எந்த வாசலிலும் அந்தக் கேள்விக்கு என் நாக்கு தானாக ஒரு பேரைச் சொல்லும். இந்த வாசலில் அதைச் சொல்ல முடியுமா?

"மாசிலாமணி."

உள்ளேயிருந்து இருமல். பிறகு குரல். "எந்த மாசிலாமணி? அப்பிடி ஒரு ஆளு இருந்தாரு. பூட்டாருன்னு இல்ல கேள்வி."

"பூடல. நொண்டிக்கினு வந்து நிக்கிறேன்."

"நாலு கிலோமீட்டர் வர அம்பது வருசம். நல்லாத்தான் நொண்டியிருக்க. உள்ள வா, அவ மல்லாட்டைய மிதிக்காம வா."

கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இளைத்துவிட்டான். நான் சட்டைக் கையை மேலே ஏற்றி நீட்டினேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அவன் தன் கையைப் பக்கத்தில் வைத்தான். அவன் மச்சம் கறுப்பாகப் பருத்து நடுவில் முடி முளைத்திருந்தது. என்னுடையது பச்சையாக மங்கிக் கிடந்தது.

"அசலு எது, டூப்ளிகேட்டு எதுன்னு தெரியுதா?" என்றான். கண்ணகி வாசலிலிருந்து சிரித்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது!

"நீதான் டீச்சரம்மாகிட்ட சொன்னியா?" என் வாய் கேட்டுவிட்டது.

"எந்த டீச்சரு? சொல்றவனா இருந்தா அன்னிக்கே கேட்டாண்ட நின்னு கத்தியிருப்பேன்."

"ஏன்டா கத்தல?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "அம்மா என் கால்ல வுழுந்தா. பெத்தவ. நீ ஷிப்டுக்குப் போயிருந்த."

ஊரில் எந்த மாடு எந்த வருஷம் செத்தது என்பதுவரை எனக்கு ஞாபகம். இது தெரியாது. நாற்பத்தொன்பது வருஷமாக அவன் ஏதோ திட்டம் வைத்திருக்கிறான் என்றே நினைத்திருந்தேன். அவனிடம் இருந்தது இது ஒன்றுதான்.

"தப்பு பண்ணிட்டேன்டா அருளு," என்றேன். அவனை அந்தப் பேரால் கூப்பிட்டேன்.

"மன்னிச்சிட்டேன்லாம் என்னால சொல்ல வராது. சாப்ட்டுப் போ."

மீன் குழம்பு. சாப்பிட்டேன். கிளம்பும்போது காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் பெரிதாக ஏதோ எழுதிக் கொடுத்தான்.

"இந்தா, உன் பேரு. என்னுது நான் வெச்சிக்கிறேன்."

அக்டோபர் 3, வியாழன்

தம்பி வருவான் என்று நினைக்கவே இல்லை. ஏசாவைப் பற்றி அந்தம்மா என்னதான் சொல்கிறாள் பார்க்கலாம் என்று வந்தானாம். டீச்சரம்மா புது ஆளைப் பார்த்து, ஜெபக் குறிப்பில் எழுத, பேர் கேட்டாள்.

"அருள்நாதன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வலது பக்கம் கதவு திறந்திருந்தது, எழுந்து போயிருக்கலாம்.

"அவன்தாம்மா அருள்நாதன். நான் மாசிலாமணி, அவனுக்கு அண்ணன்," என்றேன்.

டீச்சரம்மா மறுகேள்வி கேட்கவில்லை. நான் சொன்ன பேரையே எழுதிக்கொண்டாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

மகன் அலெக்சாண்டருக்குத் தெரிந்துவிட்டது. மெர்லின் எனக்காக விட்டுவைத்திருந்தாள், நான்தான் சொன்னேன், கம்பெனி ஆபீசிலும் போய்ச் சொல்லப்போகிறேன் என்று. "சாவுற வயசுல உனக்கு எதுக்குப்பா இது? பென்ஷன நிறுத்திடுவான். கேஸ் போட்டா? நான் ஆபீஸ்ல தலை காட்டறதா வேணாமா?" அவன் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். முட்டி இன்று கேட்கவே வேண்டாம்.

டீச்சரம்மாவிடம் கேட்டேன். "என்னா ஆவும்னு என்னால சொல்ல முடியாதுங்க. ஆபீசுக்குப் போறப்ப கூட வர்றேன்," என்றாள்.

நவம்பர் 9, சனி

ஒவ்வொரு நவம்பரிலும் பென்ஷனுக்காக மெஷினில் கட்டைவிரல் வைத்து, அருள்நாதன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லிவிட்டு வருவேன். இந்த வருஷம் அதற்குப் போகவில்லை.

நடந்ததை நடந்தபடி சொன்னேன், மெர்லின் கடிதமாக எழுதினாள். நடுவில் இரண்டு தடவை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை ஆபீசில் கொடுக்க வேண்டும். டீச்சரம்மா வருகிறாள். தம்பி, "நானும் வரேன், அசல பாக்க வேணாமா அவங்க?" என்கிறான். அலெக்சாண்டர் இன்னும் பேசவில்லை. ஆனால் கடிதத்துக்கு உறை வாங்கி வந்து டிவி மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

காலண்டர் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடியில் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பேரைவிட இது ஒரு எழுத்து குறைச்சல்தான். பழக ஒரு மாதம் ஆகிவிட்டது.