மூன்று சுண்டு அரிசி

கொக்கட்டிச்சோலை
28.03.1998

அன்புள்ள மகள் யோகமலருக்கு,

நீ செய்தது பிழை. என் சீனி வருத்தத்தைப் பற்றி என்னிடம் ஒரு வரி கேட்காமல், அப்பாவின் உலையில் எவ்வளவு அரிசி போகிறது என்று பார்த்து எழுது என்று புஸ்பத்துக்குக் கடிதம் போட்டாயே, அது பிழை. அதை எழுதிவிட்டுத்தான் சுகம் விசாரிக்கிறேன். தான்தோன்றீஸ்வரர் துணையில் நான் உயிரோடு இருக்கிறேன், நீயும் மருமகனும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்கவேண்டும். புஸ்பம் உன் அம்மாவின் தம்பி மகள்தான், நல்ல பிள்ளைதான், ஆனால் அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. கடைக்கார அருமைநாயகம் இப்போது எனக்குச் சீனி நிறுப்பதில்லை. தோணித்துறையில் ஆமிக்காரன் சீனியை மறிக்கிறான், இங்கால வந்தால் நீ மறிக்கிறாய் என்று ஏசினேன். அவன் காரணம் சொல்லமாட்டான், நான் காரணம் சொல்லித்தானே மறிக்கிறன் அண்ணன் என்று சிரிக்கிறான்.

நடந்ததை நானே எழுதுகிறேன். தை மாதம் உன் கடிதம் வந்தபோது எழுத்தெல்லாம் மழையில் நனைந்த மாதிரிக் கலங்கித் தெரிந்தது. கண்ணாடியை மாற்றினால் சரிவரும் என்று தோணிக்காரன் கோணாமலையோடு ஆற்றைக் கடந்து டவுன் ஆசுபத்திரிக்குப் போனேன். கண்ணைக் காட்டப் போனவனுக்கு விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். கண்ணாடியில் பிழையில்லை, இது சீனி வருத்தம், சாப்பாட்டை மாற்றாவிட்டால் பார்வை போகும், போனால் திரும்பாது என்று அங்கே இருந்த டொக்டர் பொம்பிளைப்பிள்ளை சொன்னா. நான் பள்ளிக்கூடம் போகாதவன். நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது உன் புத்தகத்தை எடுத்துக்கொண்டுபோய், வட்டையில் வயல் காவல் பரணில் இருந்து எழுத்துக் கூட்டிப் படித்தவன். கண் போனால் உன் கடிதத்தை எனக்குப் புஸ்பம் வாசிப்பாள், பிறகு ஊரே வாசிக்கும். அதற்காகவே சொன்னதையெல்லாம் கேட்டேன். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, எருமைத்தயிருக்குச் சர்க்கரை இல்லை, வாழைப்பழம் இல்லை. பொன்னாங்காணிச் சுண்டலும் புளியில் அவித்த ஆற்று மீனும்தான். அரிசி எத்தனை சுண்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டா. பால் தகரப்பேணியால் அளந்து மூன்று சுண்டு, மூன்று பேர் என்றேன். அப்படியென்றால் உங்கள் பங்கு ஒரு சுண்டு, அதை முக்கால் சுண்டாக்கினால் போதும் என்று துண்டில் எழுதித் தந்தா.

பங்குனி பிறந்து திரும்பப் போனபோது சீனி முன்னையைவிடக் கூடியிருந்தது. உன் கடிதம் கிடைத்த வீராப்பில் புஸ்பமும் கூடவே வந்திருந்தாள். மூன்று சுண்டையும் மாமா ஒராள்தான் சமைச்சுத் தின்கிறார் என்று டொக்டருக்கு முன்னால் போட்டு உடைத்தாள். அந்தப் பிள்ளை பேனையை வைத்துவிட்டு, மற்ற ரெண்டு பேரும் எங்க ஐயா என்று கேட்டா. ஒராள் செத்து ஏழு வருசம், ஒராள் நோர்வேயில என்றேன். அவ பேனையை எடுத்து, பழைய துண்டில் முக்கால் சுண்டு என்றதற்குக் கீழே கோடு போட்டுத் தந்தா. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் சொன்னது பொய்யில்லை மகள். இது உனக்குச் சீதனமாக எழுதின வீடு. வீட்டுக்காரியின் பங்கைப் போடாமல் உலை வைக்க நான் யார்? நீ போன பிறகும் உன் அம்மா மூன்று சுண்டுதான் போட்டா, குறைக்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வா. அவ போன பிறகு நானும் அளவை மாற்றவில்லை. ஆக்கின சோற்றைக் கொட்டவும் மாட்டேன். இரண்டு போகம் விதைக்காமல் இடம்பெயர்ந்துபோய், பள்ளிக்கூட அகதிமுகாம் வாசலில் சோற்றுத் தட்டோடு வரிசையில் நின்றவன் நான். அதனால் என் பங்கை மத்தியானம் தின்றேன், அம்மாவின் பங்கை இரவுக்குத் தின்றேன், உன் பங்கைத் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பழஞ்சோறாகத் தின்றேன். அதற்குத்தான் அவர்கள் வருத்தம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். நீ என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றால், சொல்லியிருக்கமாட்டேன். ஆனாலும் கேட்டிருக்கவேண்டும்.

உனக்கும் மருமகனுக்கும் என் ஆசீர்வாதம். கோபத்தோடு தந்தாலும் அது பலிக்கும். இனிச் செய்யவேண்டியதை எழுதுகிறேன். புஸ்பம் என் பானையைத் திறந்து பார்ப்பதை நிறுத்தவேண்டும், வந்தால் இருந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும். அருமைநாயகம் சீனி தராமல் விடட்டும், ஆனால் கடைக்கு வந்தவர்களின் காதில் விழக் காரணம் சொல்லாமல் விடவேண்டும். கோணாமலை சித்திரை வருசப்பிறப்பு முடிந்ததும் என்னைத் திரும்ப அக்கரை ஆசுபத்திரிக்கு ஏற்றிப்போகவேண்டும், அவனுக்குச் சொல்லிவிட்டேன். நீ இனி எனக்குத்தான் எழுதவேண்டும், கறுப்பு மையால், பெரிய எழுத்தாக, அன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்பதையும் சேர்த்து. உன் பங்கை நீ அங்கேயே போட்டுச் சாப்பிடவேண்டும். நான் நாளைக்கு முக்கால் சுண்டு போடவேண்டும். பேணியில் ஆணியால் கோடு கீறி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
க. சாமித்தம்பி