மூடுபனியில் விழுந்த கோல்

போடேனி,
2021 ஆகஸ்ட் 29, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சாபினுக்கு,

உன் கல்யாணத்தில் மெழுகுவர்த்தி பிடித்து நின்ற ஞானத்தாய், நீ நாஷா என்று கூப்பிட்ட ஒத்திலியா எழுதுவது. நீயும் ஃப்ளோரிகாவும் கனடாவில் சுகமாக இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் கேட்டுக்கொண்டு வந்துதான் உட்கார்ந்தேன். இருபத்தெட்டு வருடமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. முகவரி தெரியாது என்று ஊரில் சொல்லிவந்தேன். தெரியும். உன் அக்காள் மகள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்காமலே கொடுத்துவிட்டுப் போவாள்.

எனக்கு எண்பத்தாறு முடிந்துவிட்டது. கண்ணாடி போட்டால் பொடி எழுத்தும் தெரிகிறது. கை நடுங்கவில்லை என்பதை நீயே பார்த்துக்கொள்ளலாம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. காரணம் பின்னால் வரும்.

நம் ஊர்க் கால்பந்துக் கிளப்புக்கு இந்த வருடம் நூறு வயது. நீ ஆற்றைக் கடந்து போன பிறகு நடந்தது எதுவும் உனக்குச் சரியாகத் தெரிந்திருக்காது என்பதால் வரிசையாகச் சொல்கிறேன். 1921-இல் சாயப்பட்டறை ஆட்கள் ஆரம்பித்தபோது அதன் பெயர் கழுகு. 1948-இல் கம்யூனிஸ்ட் கட்சி மேலிடத்து உத்தரவில் செங்கொடி ஆயிற்று. அதே வருடம்தான் எங்கள் கன்னியாஸ்திரீகளைப் பள்ளியை விட்டு வெளியேற்றினார்கள், அதனால் வருடம் எனக்கு மறக்காது. பிறகு நூலாலை. அந்தச் சட்டையில்தான் நீயும் என் வீட்டுக்காரரும் ஆடினீர்கள். ஆட்சி மாறிய பிறகு ஒரு மர வியாபாரி கிளப்பை வாங்கித் தன் கம்பெனி பெயரையே வைத்தான். சில வருடத்தில் சலித்துப்போய்க் கதவைச் சாத்தினான். பதினோரு வருடம் இந்த ஊரில் கிளப் என்று ஒன்று இல்லை. இப்போது ரசிகர்களே சேர்ந்து, கழுகு என்ற பழைய பெயரில், கடைசி லீக்கில் ஆடவிடுகிறார்கள். கோல்கீப்பர் ரொட்டிக் கடைக்காரர். ஞாயிறு ஆட்டம் முடிந்து மாவு பிசையப் போகிறார்.

அந்தப் பழைய கிளப்பின் வாரிசு நாங்கள்தான் என்று காட்ட அவர்களிடம் கோப்பை இல்லை, கட்டடம் இல்லை. இருப்பது நான் எழுதிய பதிவேடு மட்டும்தான். 1958-லிருந்து ஒவ்வொரு ஆட்டமும், ஆடியவர் பதினொருவரும், கோல் அடித்தவரும், அடித்த நிமிடமும் என் கையெழுத்தில் இருக்கின்றன. செயலாளரின் கிறுக்கல் யாருக்கும் புரியவில்லை என்று என் வீட்டுக்காரர் செவெர் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தது அது. இப்போது நூற்றாண்டு மலர் போடுகிறார்கள். மலரைத் தொகுப்பவள் கமேலியா. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர், ரசிகர் சங்கத் தலைவி. மூன்று மாதமாக என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பதிவேட்டைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். 1973 டிசம்பர் 5 வந்ததும் எழுந்து நின்று என்னை முத்தமிட்டாள்.

அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். தவறு இருந்தால் திருத்து. கோப்பை ஆட்டம். தலைநகர் அணியோடு, மலையூர் மைதானத்தில். நம் ஊரிலிருந்து ஆலை பஸ்ஸில் போனது நாற்பது பேர். பனிச்சரிவால் சாலை அடைபட்டுப் பத்திரிகைக்காரர் யாரும் வரவில்லை. இரண்டாம் பாதியில் மூடுபனி இறங்கியது. எல்லைக்கோட்டருகில் நின்ற எனக்கே நடுவரின் விசில்தான் கேட்டது, நடுவர் தெரியவில்லை. திடீரென்று பனிக்குள் ஒரு கூச்சல். செவெர் தற்காப்பு வரிசையிலிருந்து என் பக்கம் ஓடிவந்து, "எழுதிக்கோ ஒத்தி, சாபின்! நம்ம சாபின் போட்டுட்டான்!" என்றார். நான் பென்சிலால் எழுதினேன். ஒன்றுக்குப் பூஜ்யம். மூன்றாம் டிவிஷன் நூலாலைக்காரர்கள் தலைநகரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நூறு வருடத்தில் இந்த ஊருக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருப்பது அந்த ஒரு கோல்தான்.

எட்டு மாதம் கழித்து நீ எல்லையான டான்யூபில் நீந்தி, நாட்டை விட்டே அக்கரைக்குப் போய்விட்டாய். செப்டம்பரில் தோல் மேல்கோட்டு போட்ட ரகசியப் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். உனக்குக் கல்யாணம் நடத்திவைத்தவர்கள் நாங்கள் என்பதால் செவெரை இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார். போகும்போது என்னிடம், "அந்தப் பேரு இனிமே எந்தக் காகிதத்திலயும் இருக்கக் கூடாது. நீங்க படிச்சவங்க, உங்களுக்குச் சொல்லணுமா?" என்றார். அப்படியானால் கோலை யார் கணக்கில் எழுதுவது என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "பனி அடிச்சுதுன்னு எழுதுங்க. எனக்கென்ன போச்சு?"

இதைக் கவனமாகப் படி, சாபின். காலியாக விட்டிருக்கலாம். அவரே அனுமதித்தார். உன் பெயரை எடுத்தது பயம். அந்த இடத்தில் செவெர் என்று எழுதியதற்குப் பயம் காரணமில்லை.

நான் நோட்டரியின் மகள். சாயம் போகாத விரல்களோடு வந்த ஒரு தற்காப்பு ஆட்டக்காரரைக் கட்டிக்கொண்டேன். என் அக்காள் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் எல்லோர் முன்னாலும், "என்ன ஒத்தி, உன் வீட்டுக்காரர் இந்த வருஷமாவது ஒண்ணு போட்டாரா?" என்று கேட்பாள். பதினைந்து வருடம், அவர் பெயருக்கு நேரே நானே என் கையால் பூஜ்யம் போட்டேன். தற்காப்புக்காரருக்குக் கோல் எதற்கு என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் அந்தப் பூஜ்யங்களைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

பள்ளியில் எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரீ, சகோதரி செராஃபினா, எழுதியதை அடிக்க விடமாட்டார். பிழை வந்தால் தாளையே மாற்றி எழுத வேண்டும். அப்படியே செய்தேன். நீ ஆடிய மூன்று வருடத்தையும் புதிய நோட்டில் முதலிலிருந்து எழுதினேன். நீ இருந்த இடத்திலெல்லாம் மாற்று ஆட்டக்காரர் பெயர். அந்த ஒரு கோலுக்கு மட்டும் செவெர், எழுபத்தொன்றாவது நிமிடம். பழைய நோட்டை, முற்றத்தில் பிளம் ஜாம் கிண்டிக்கொண்டிருந்த அண்டாவுக்கு அடியில் வைத்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த ஜாமைத்தான் சாப்பிட்டோம்.

செவெர் கிளப்பில் அதைப் படித்துவிட்டு வந்து, கை கழுவியபடியே, "ஒத்தி, அது என் கோல் இல்லையே" என்றார். யாருடையதாவது இருக்க வேண்டுமே என்றேன். "அதுக்கு நான்தான் கிடைச்சேனா?" என்று சிரித்தார். முதல் வருடம் யாராவது அந்தக் கோலைப் பற்றிப் பேசினால் காது சிவக்க எழுந்து போவார். மூன்றாம் வருடம் எழுந்து போகவில்லை. பத்தாம் வருடம் எந்தக் காலால் அடித்தார் என்றும் சொல்ல ஆரம்பித்தார். அந்த நாற்பது பேரும் முதலில் வாயை மூடிக்கொண்டார்கள், பிறகு மறந்தார்கள், பிறகு இறந்தார்கள்.

இதுவரை எழுதியதை ஊகித்திருப்பாய். இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது.

1977 வசந்தத்தில், ஒரு ஞாயிறு, உன் தாயார் ரஃபிலா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆலையின் நூற்பு மண்டபத்தில் வேலை செய்தவர், நான் தினமும் பார்க்கிறவர் என்றாலும் அன்று கோயிலுக்குப் போகிற முக்காடு போட்டிருந்தார். கையில் உன் கடிதம், அவருக்கு முன்பே யார் யாரோ பிரித்துப் படித்தது. உன்னை ஊரெல்லாம் துரோகி என்று சொன்ன காலம். "மலையூர் கோல் என்னுடையதுதான் அம்மா, நாஷாவின் புத்தகத்தில் இருக்கிறது, படித்துக் காட்டச் சொல்" என்று நீ எழுதியிருந்தாய். அவருக்குப் படிக்கத் தெரியாது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "உங்களுக்குச் சிரமம் இல்லன்னா ஒரு தடவை படிச்சுக் காட்டுங்கம்மா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்குள்ள வச்சுக்கிறேன்" என்றார்.

நான் பதிவேட்டை எடுத்தேன். விரலை வைத்து வரி வரியாகப் படித்தேன். செவெர், எழுபத்தொன்றாவது நிமிடம்.

அவர் என் விரலையே பார்த்தார். "அப்ப என் பையன் பொய் சொல்றானா?" என்றார். பதிவேட்டில் இப்படித்தான் இருக்கிறது என்றேன். உன் தாய்க்கு வெட்கம் வந்துவிட்டது, சாபின். சிரித்து மழுப்பினார். "சின்ன வயசுலேருந்தே அவனுக்கு வாய் பெருசுங்கம்மா. அடுத்தவங்க வீட்டுச் செர்ரியக்கூட நம்ம மரத்துதும்பான். நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை கேட்டார். அதற்குப் பிறகு பதினாறு வருடம் உயிரோடு இருந்தார். தெருவில் என்னைப் பார்த்தால் தலை குனிந்து போனார். அந்த வெட்கத்தோடுதான் செத்தார். என்னிடம் அவர் கேட்டது ஒரே ஒரு வரி. அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. எந்தத் தோல்கோட்டுக்காரரும் இல்லை.

அவருடைய அடக்கச் சாப்பாட்டுக்கு நீ வந்தாய். பிளம் சாராயம் உள்ளே போனதும் செவெர் கோல் கதையை ஆரம்பித்தார். நான் நிறுத்தவில்லை. நீ கடைசிவரை கேட்டுவிட்டு, கிளாஸைத் தூக்கி, "பிரமாதமான கோலுங்க ஐயா" என்றாய். அதுவரை அவரை நீ, வெளி ஆளைக் கூப்பிடுவதுபோல, ஐயா என்று கூப்பிட்டதே இல்லை. அவருக்கு அது உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது.

செவெர் 2009-இல் போனார். ஆஸ்பத்திரியில், கடைசிக்கு இரண்டு நாள் முன்னால், "ஒத்தி, உண்மையச் சொல்லு, அந்தப் பந்தை நான்தானே அடிச்சேன்?" என்று கேட்டார். அந்த மனிதருக்கு உண்மையாகவே தெரியவில்லை. ஆமாம் என்றேன். நல்ல மனிதர். அவருக்குத் தன் பதினைந்து பூஜ்யங்களே போதும். அதைக்கூட நான் அவரிடம் மிச்சம் வைக்கவில்லை.

இப்போது ரசிகர்கள் அவர் பெயரில் பாட்டுப் பாடுகிறார்கள். அக்டோபர் மூன்றாம் தேதி மைதானத்தின் மரப்பலகை இருக்கை வரிசைக்கு அவர் பெயரை வைக்கப்போகிறார்கள். நாடா வெட்ட என்னைக் கூப்பிட்டார்கள். போன வியாழக்கிழமை கமிட்டியைக் கூட்டச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். கமேலியா முகம் வெளுத்து, "ஒத்திலியாம்மா, நம்மகிட்ட இருக்கறதே ஒரு கோல்தான். அதையும் கனடாவுக்குப் பார்சல் பண்ணச் சொல்றீங்களா?" என்றாள். மேளம் அடிக்கிறவன் பக்கத்து ஆளிடம், எனக்குக் கேட்கும்படியே, "பாவம், வயசாயிடுச்சுல்ல, கலங்கிப்போச்சு" என்றான். நான் பொய் எழுதியபோது இந்த ஊர் ஒரு எழுத்தைச் சந்தேகப்படவில்லை. இப்போது உண்மையைச் சொன்னால் யாராவது டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்கிறார்கள். கண்ணையும் கையையும் பற்றி மேலே எழுதியது அதற்காகத்தான்.

கமேலியா கெட்டிக்காரி, நியாயமானவள். மறுநாள் தனியாக வந்தாள். அன்று களத்தில் இருந்த ஒருவர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால் அச்சில் மாற்றுவேன், பெயர் சூட்டுவதையும் தடுப்பேன் என்றாள். அந்தப் பதினொருவரில் உயிரோடு இருப்பவன் நீ ஒருவன்தான். மலர் செப்டம்பர் இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது. உன்னிடமிருந்து திருடியதைத் திருப்பிக் கொடுப்பதற்கும் உன்னையே வேலை வாங்குகிறேன். என்ன செய்வது, வேறு வழி தெரியவில்லை.

மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், ரஃபிலாவின் பிள்ளை நீ. அது அவர் கொடுக்க வேண்டியது. நேற்று கல்லறைக்குப் போய் அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தேன், உன் பெயரோடு. கல்லுக்குப் படித்துக் காட்டி என்ன பயன் என்று நீ கேட்கலாம்.

பதிவேட்டில் இந்த முறை தாளை மாற்றவில்லை. செவெர் பெயரை எல்லோருக்கும் தெரியும்படி ஒரு கோடு போட்டு அடித்தேன். மேலே உன் பெயரை எழுதினேன். பக்கத்தில் எழுபத்தொன்று என்பதையும் அடித்துவிட்டேன், உன் நிமிடத்தையும் அவர் பெயருக்கு நேரே எழுதக் கூசி அது நானாகப் போட்டது. உண்மையான நிமிடம் அண்டாவுக்கு அடியில் எரிந்துபோயிற்று. எழுபதுக்கு மேலா, எண்பதா, எவ்வளவு யோசித்தும் எனக்கு வரவில்லை. அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. ஊகித்து நிரப்ப எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பேனாவை அதன் பக்கம் கொண்டுபோகாமல் வைத்திருக்கிறேன்.

ஆண்டவர் உன்னையும் ஃப்ளோரிகாவையும் உன் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும். நீ சொல்கிற ஒவ்வொரு வார்த்தையையும் அவர்கள் நம்பும்படி உன்னை வாழவைக்கட்டும். கமேலியாவுக்கு எழுத மனமில்லை என்றால் எனக்கு ஒரு தபால் அட்டை போதும். வணக்கம் வேண்டாம், நலம் விசாரிக்க வேண்டாம், ஒரே ஒரு எண் எழுது.

எத்தனையாவது நிமிடம், சாபின்?

ஒத்திலியா