முக்காலி கேட்ட அன்று

கோயம்புத்தூர்
12.3.1993

அன்புள்ள அத்தைக்கு, மருமகள் சௌடேஸ்வரி வணங்கி எழுதுவது. இங்கே நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஆஸ்பத்திரியில் இப்போது என்னை மூட்டுவலிக்காரர்கள் பயிற்சி செய்யும் அறையைக் கூட்டித் துடைக்கப் போட்டிருக்கிறார்கள். நேற்று உங்கள் வயதில் ஓர் அம்மா வந்தார். கூட வந்த மருமகள், “வேலைன்னாத்தான் வலி, சோத்துக்கு வலி இல்ல” என்று சிரித்தாள். டாக்டரம்மா, “நடிப்பு இல்லம்மா, மூட்டு தேஞ்சிருக்கு. தரையில உக்கார வைக்காத” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

உங்கள் மகன் இறந்து கிடந்த அன்று நீங்கள் முக்காலி கேட்டீர்கள். “பெத்த பிள்ளை தரையில கெடக்கு, இவுகளுக்கு ஆசனம் கேக்குதாக்கும்” என்று சொன்னேன். நீங்கள் தரையில் உட்கார்ந்தீர்கள். பிறகு இரண்டு பேர் தூக்கித்தான் எழுந்தீர்கள்.

இங்கே சொல்லிக்கொடுப்பதுபோல், கட்டிலில் காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முழங்காலால் அதைக் கீழே அமுக்கி, ஐந்து எண்ணி விடுங்கள். காலையும் மாலையும் பத்துத் தடவை செய்யுங்கள். வலிக்கிறதென்று படுத்தே கிடக்க வேண்டாம்.

அவர் போட்டிருந்த சட்டை ஒன்று இருந்தால், துவைக்காமல் அனுப்புங்கள்.

கடிதத்தை உங்களுக்குக் கஸ்தூரி மதினிதான் படித்துக் காட்டுவார். அன்று கூடியிருந்த பெண்களைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் முன்னால்தான் சொன்னேன், அவர்கள் முன்னால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். வேலைக்கு நேரமாகிவிட்டது.

சௌடேஸ்வரி