சியாட்டிலில் இருந்து உழுதவள்

அன்பு மகள் அன்னலீஸுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கர்த்தர் தயவில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். மனதுக்குச் சுகமா என்று மட்டும் கேட்காதே. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததிலிருந்து மூன்று தடவை எழுந்து போய் ஜன்னலில் பார்த்துவிட்டேன். வடக்கு வயலில் தண்ணீர் தெளிக்கும் குழாய் வண்டி மறுபடியும் சேற்றில் நின்றுவிட்டது, அப்பா அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார், அவர் வருவதற்குள் முடிக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான், ஆனால் அவர் பக்கத்து நாற்காலியிலேயே இருப்பார்.

அரசாங்க விவசாய உதவித்தொகையில் ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருப்பது உனக்குத் தெரியும். மக்காச்சோளம் விலை விழுந்த அந்த வருஷம் இங்கே பாதி வீடுகளில் வெளியூர்ப் பிள்ளைகளின் பெயரையும் பண்ணையில் சேர்த்து இன்னொரு பங்கு வாங்கினார்கள். பண்ணையில் வேலையோ மேற்பார்வையோ பார்ப்பவருக்குத்தான் பங்கு என்பது சட்டம், ஞாயிற்றுக்கிழமை போனில் மழை பெய்ததா என்று பிள்ளை கேட்டால் அதுதான் மேற்பார்வை! நாங்களும் உன் பெயரைச் சேர்த்தோம். யாருக்கு எவ்வளவு போனது என்ற பட்டியலை இப்போது கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போன வாரம் தானியக் கிடங்கில் காபி குடிக்கும்போது பக்கத்துப் பண்ணை டுவெய்ன் எல்லோர் முன்னாலும் அப்பாவிடம், "ஏம்ப்பா வெண்டல், ஒம் பொண்ணு சியாட்டில்ல உக்காந்துக்கிட்டே இங்க சோளம் வெதைக்கிறாளாமே, டிராக்டர் ஸ்டியரிங் அம்புட்டு நீளமா?" என்று கேட்டானாம். அப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார், வந்தவர் சாப்பிடவில்லை. தன் மகன் பெயரில் அவன் வாங்கியதை மட்டும் மறந்துவிட்டான், ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளித்த கதைதான்.

அதற்கு இரண்டு நாள் கழித்து விவசாய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் கோப்பைச் சோதனைக்கு எடுத்திருக்கிறார்கள். நீ என்னென்ன வேலை பார்த்தாய், எந்தெந்த நாள் என்று எழுதி நீயே கையெழுத்துப் போட வேண்டுமாம். அப்பா அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். "அவகிட்ட கேட்டுத்தானே பேரப் போட்டோம், நாலு வரி எழுதித் தரமாட்டாளா?" என்கிறார்.

அன்னலீஸ், உன்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி அப்பா என்னிடம்தான் சொன்னார். நீ முடியாது என்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்காமலேயே நீ சம்மதித்துவிட்டதாக அவரிடம் சொன்னேன். விண்ணப்பத் தாள் வந்தபோது தபாலில் உனக்கு அனுப்பி, நீ கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியதாகவும் சொன்னேன். அதில் உள்ள கையெழுத்து நான் போட்டது. ஆறு வருஷமாக இதை மனதில் பூட்டி வைத்துக்கொண்டு தேவாலயத்தில் பாட்டும் பாடிக்கொண்டிருக்கிறேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

எந்தத் தாள் வந்தாலும் நீ கையெழுத்துப் போடாதே. அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று பொய் சொன்னால் உன் வேலைக்கும் பெயருக்கும் கேடு. இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்துதான் அப்பாவிடம் சொல்லப் போகிறேன், போட்டுவிட்டால் பின்வாங்க முடியாது பார். வியாழக்கிழமை அலுவலகத்துக்கும் போகிறேன். வாங்கியதைத் திருப்பிக் கேட்பார்கள், தெற்கு நிலம் கையை விட்டுப் போகலாம், அது அவருடைய அப்பா வாங்கியது. அவர் கத்துவார், கத்தட்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் பேசாமல் இருந்துவிடாதே, அவரோடு பேசு.

பணத்துக்காகத்தான் செய்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாளில் இந்தப் பண்ணையில் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்டிருந்த இடத்தில், அப்பா பெயருக்கும் என் பெயருக்கும் கீழே உன் பெயரை எழுதியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கும் சேர்த்துத்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. குளிருக்கு முன்னால் கார் டயரை மாற்று.

உன் அம்மா,
ஆர்டிஸ்