குட்டையில் முழுக்கு வாங்கிய ஏழு பேர்

என் பிரியமான நைனா,

நீங்க போய் மூணு வருசம் ஆச்சு. இத்தனை நாள் எழுதாததுக்குக் காரணம், உங்களுக்குச் சொல்ல நல்ல சேதி ஒண்ணும் இல்லாததுதான். போன ஞாயித்துக்கிழமை ஒண்ணு கிடைச்சுது.

நம்ம பாப்டிஸ்ட் சபையோட சரித்திரத்தை எழுதணும்னு, மாம்பழக்கூழ் ஃபாக்டரியில ஷிப்ட் முடிஞ்சு வந்து வீடு வீடா ஏறி இறங்கினீங்களே, ஞாபகம் இருக்கா? பங்காருபாளையம் சுத்துப்பட்டுல யாரு பழைய கதை சொன்னாலும் நோட்டுல எழுதிக்குவீங்க. முதல்ல ஞானஸ்நானம் எடுத்தவங்க ஏழு பேர். எல்லாரும் மாந்தோப்புக் கூலிங்க. உங்க தாத்தா சின்னையன் அதுல ஒருத்தர். முழுக்கு எடுக்க ஒரு கிணறு கேட்டாங்க. கிணத்துக்காரர் படியில முள்ளு வெட்டிப்போட்டு அடைச்சுட்டார். அதனால மாடு குளிப்பாட்டுற குட்டையில முழுகி எழுந்தாங்க. பிற்பாடு அந்தக் கிணத்துக்காரரும் சபையில சேர்ந்தார். அவர் பேரன்தான் நம்ம சபைச் செயலாளர் ஜெயசீலன்.

அவரை நம்பித்தான் நோட்டைக் குடுத்தீங்க. ஆண்டு விழாவுக்குப் புத்தகமா வந்தபோது முதல் பக்கத்துல அவர் தாத்தா படம். கிணறு குடுத்த புண்ணியவான் அவர்தான், முதல் முழுக்கும் அவருதுதான்னு போட்டிருந்துது. ஏழு பேர்ல ஒருத்தர் பேரும் இல்ல.

சபைக் கூட்டத்துல எழுந்து, "இது பொய்ங்கய்யா"ன்னு சொன்னீங்க. அவ்வளவுதான் சொன்னீங்க. சபையைப் பிரிக்கிறவர்னு உங்களை நீக்க ஜெயசீலன் தீர்மானம் கொண்டுவந்தார். நம்ம சபையில எதுக்கும் கை தூக்கணுமே. தூக்கினாங்க நைனா. உங்க பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு கையையும் பார்த்து வச்சேன். வீட்டுக்கு நடந்து வர்றப்போ, "விடும்மா, ஆண்டவர் பார்த்துக்கினுதான் இருக்காரு"ன்னீங்க.

திருப்பதியில என் வீட்டுல நீங்க கண்ணை மூடினதும் ஜெயசீலனுக்குப் போன் போட்டேன். நம்ம சபைக் கல்லறையில, அம்மா பக்கத்துல உங்களுக்குன்னு விட்ட இடத்தைக் கேட்டேன். "மெம்பர் இல்லியேம்மா, ரூல்ஸ் ஒத்துக்காது"ன்னார். உங்களைத் திருப்பதியில, முகம் தெரியாத ரெண்டு பேருக்கு நடுவுல வச்சேன். இதைச் சும்மா விடக்கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

இந்த வருசம் சித்தூர்ல, காலமான பழைய போதகரோட மனைவியைத் தேடிப் பிடிச்சேன். அவங்க டிரங்குப் பெட்டியில சபையோட முதல் ரெஜிஸ்டர் இருந்துது. ஏழு பேரும் வரிசையா இருந்தாங்க. கீழே மசி மங்கின எழுத்துல, "கிணற்றுப் படியில் முள் போட்டு அடைத்தபடியால் குட்டையில் முழுக்கு"ன்னு இருந்துது.

உடனே எடுத்துக்கினு ஓடல. ஜெயசீலன் பேத்திக்கு நம்ம கோயில்லயே கல்யாணம் நிச்சயமாகட்டும்னு காத்திருந்தேன். பத்திரிகை அடிச்சப்புறம் சபைக் கூட்டத்துக்குப் போனேன். என்னை நீக்க மறந்துட்டாங்களே. ரெஜிஸ்டரை விரிச்சு வச்சு, செயலாளர் மேடையேறித் தன் வாயால இந்தப் பக்கத்தை வாசிக்கணும், இல்லாட்டி சபையை விட்டுப் போகணும்னு தீர்மானம் கொண்டுவந்தேன். போனார்னா பேத்தி கல்யாணம் நம்ம கோயில்ல நடக்காது. உங்களை நீக்கத் தூக்கின அதே கைங்க எழுந்துது.

அந்தப் பொண்ணு திருப்பதிக்கே வந்துட்டா. "அத்தே, தாத்தாவுக்கு வயசாயிடுச்சு. என் கல்யாணம் முடிஞ்சப்புறம் வாசிக்கட்டுமே"ன்னு அழுதா. டீ போட்டுக் குடுத்துட்டு, "முடியாதும்மா"ன்னேன். அவ மேல எனக்குக் கோபம் இல்ல. இரக்கமும் வரல. நீங்க வளர்த்த பொண்ணா இதுன்னு கேக்குறீங்களா?

ஆண்டு விழா ஞாயித்துக்கிழமை ஜெயசீலன் வாசிச்சார். முள்ளு வந்த இடத்துல குரல் இறங்கிப்போச்சு. நான் எழுந்தேன்.

"கடைசி பெஞ்சுக்குக் கேக்கலண்ணா. மைக்கைக் கிட்ட வச்சுக்கினு இன்னொரு தடவை படிங்க."

படிச்சார். சின்னையன் பேரையும் சேர்த்து, ஏழு பேரையும் படிச்சார்.

ஆராதனை முடிஞ்சு வாசல்ல கை நீட்டினார். "மனசுல வச்சுக்காதேம்மா."

நீங்களா இருந்தா அந்தக் கையைப் பிடிச்சிருப்பீங்க. நான் பிடிக்கல. "எங்க நைனாவைத் திருப்பதியில போய்க் கேளுங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஒரு வாக்கு தரேன் நைனா. வருசா வருசம் ஆண்டு விழாவுல அவர்தான் வாசிக்கணும், அவருக்கப்புறம் அவர் மகன் வாசிக்கணும்னு தீர்மானத்துல எழுதி வாங்கியிருக்கேன். நான் முதல் பெஞ்சுல உக்காந்திருப்பேன். ஒரு வார்த்தையைக்கூட முழுங்க விடமாட்டேன்.

இன்னும் மன்னிக்காத உங்க மக,
எஸ்தர்