ஹீட் மீட்டரில் வைத்த பொட்டு

15-6-1974, சனி

மண்டிக்காரரை நினைத்தாலே வெறுப்பாக இருக்கிறது. என்னை நினைத்தாலும்தான்.

வாழைக்காய் மண்டிக்காரரின் பழைய பிக்கப்புக்கு மூன்று நாள் உட்கார்ந்து புது மீட்டர்கள் மாட்டிக் கொடுத்தேன். பழைய ஹீட் மீட்டரின் முள் செத்துப் பல வருடம். எஞ்சின் கொதித்தாலும் அடியிலேயே படுத்துக் கிடக்கும். புதியதில் முள் சிவப்புக்குப் போனால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

நேற்று பூசை போட்டார். ஒவ்வொரு மீட்டர் கண்ணாடியிலும் அப்பளம் மாதிரி சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். முள் தெரியவில்லையே என்றேன். சாமி பார்த்துக்கொள்ளும் என்றார்.

இன்று குமுளி ஏற்றத்தில் ரேடியேட்டர் வற்றி, எஞ்சினின் ஹெட் கேஸ்கட் வெந்துபோய், வண்டியைக் கூடலூரில் என் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தார்கள்.

"முள்ளு எங்கன நிக்குதுன்னே தெரியலண்ணே. தொடைக்கக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாக," என்றான் டிரைவர்.

காய்ந்த சந்தனத்தைத் துடைக்கத் துணியை எடுத்தேன். அதற்குள் முதலாளியே வந்துவிட்டார்.

"ஏலே, சாமி பொட்டுல கை வைக்காத! ஒன் மீட்டருதான் ராசியில்ல. பழசையே மாட்டு. அது ஒருநாளாச்சும் செவப்பக் காட்டியிருக்கா?"

அதன் முள் செத்துப் பல வருடம் என்று சொல்லியிருக்கலாம். பழசையே மாட்டினேன். முள் அடியில் படுத்துக்கொண்டது. அவர் கும்பிட்டுவிட்டுச் சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். இந்தத் தடவை நான் தடுக்கவில்லை. அதில் மறைக்க ஒன்றுமில்லை.