நாடகம் முடிந்ததும் நீங்கள் கேட்ட கேள்வி

என் பிரியமான அத்தைக்கு,

போன வாரம் உங்கள் திதிக்கு உங்கள் ஊர் கொமரலிங்கம் போய் வந்தோம். அமராவதியில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. உங்கள் பேத்தி கவிதா ஆற்றை விட்டு மேலே ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தாள். நாலாவது படிக்கிறாள் என்றால் நம்புவீர்களா?

உங்களிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. அதற்கு முன்னால், நீங்கள் எனக்குச் செய்ததை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கவிதாவும் ஒருநாள் படிக்கட்டும்.

உங்கள் மகன் அன்று சாயங்காலம் சாயப்பட்டறையிலிருந்து வந்ததும் நெஞ்சைக் கரிக்கிறது என்றார். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் படுத்தவர், கொஞ்ச நேரத்தில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். இந்த வயதில் மாரடைப்பா என்று சொந்தபந்தம் முழுக்கக் கேட்டது.

நான் கோவில்பட்டிப் பக்கமிருந்து பனியன் கம்பெனிக்குத் தைக்க வந்தவள். உங்களைக் கேட்காமல் அவர் கட்டிக்கொண்டவள். கஷாயத்தில் எதைக் கலந்தாளோ என்று உங்கள் மூத்த மகன் எழவு வீட்டிலேயே சொன்னார். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. நான் வேலைக்குப் போகக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மங்கலத்து வீட்டில் எங்களோடு தங்கினீர்கள். ஆனால் உங்களுக்குத் தனி அடுப்பு. நான் மொண்டு வைத்த தண்ணீரைக்கூடக் குடிக்க மாட்டீர்கள். தெரு முழுக்கத் தறிச் சத்தம், நம் வீட்டுக்குள் மட்டும் பேச்சே இருக்காது.

பல மாதம் அப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் பழைய நாடகம் ஒன்றை மறுபடியும் போட்டார்கள். உங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஊரே கூடிக் கேட்டு அழுத நாடகமாம். வீட்டுப் பெரியவர், மருமகள் கொடுத்த பாலைக் குடித்தபின் இறந்துபோகிறார். குடும்பமே அவளைச் சந்தேகப்படுகிறது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். எழுந்து போய் ரேடியோவை நிறுத்திவிடலாமா என்றிருந்தது. நீங்களோ அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

பெரியவர் தன் நோயை எல்லோரிடமும் மறைத்திருந்தது கடைசியில் தெரியவருகிறது. அதற்குள் மருமகள் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். மாமியார் வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதோடு நாடகம் முடிந்தது.

நீங்கள் ரேடியோவை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

“ஏங்கண்ணு, அன்னிக்கு என்ன நடந்துச்சு? நீயே சொல்லு சாமி.”

அத்தனை நாளும் எல்லோரும் என்னைப் பற்றிப் பேசினார்களே தவிர, என்னிடம் யாரும் கேட்டதில்லை அத்தை. ஈரக்கையோடு உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டு முடித்ததும் நீங்கள் சொல்ல ஆரம்பித்தீர்கள்.

“ஆடிக்கு வந்தப்பவே நெஞ்சு வலிக்குதுன்னு எங்கிட்டச் சொன்னான். உங்கிட்டச் சொன்னா நீ பயந்துக்குவியாம். வாயுன்னு நெனச்சு ஓமத்தண்ணி குடுத்து அனுப்பிட்டேன். ஆசுபத்திரிக்குப் போடான்னு சொல்லோணும்னு தோணல. உன்ற மேல பழி வந்தப்ப, என்ற மேல வராம இருக்கட்டும்னு பேசாம இருந்துட்டேன்.”

கோபம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் மகன் போன அன்றைக்குக்கூட நீங்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுஷன் என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது. அன்று ராத்திரிச் சோற்றை ஒரே அடுப்பில் ஆக்கினோம்.

அதோடு நீங்கள் விடவில்லை. அவருடைய முதல் திதிக்கு வந்த சொந்தக்காரர்கள் பந்தியில் உட்காருவதற்கு முன்னால் எழுந்து நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னீர்கள். உங்கள் தப்பையும் சேர்த்துத்தான். உங்கள் மூத்த மகன் நிமிரவேயில்லை. அத்தனை பேர் முன்னால் பேச உங்களுக்கு எங்கிருந்து தைரியம் வந்தது? கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். நாள்தான் வாய்க்கவில்லை.

இனி சேதி. எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர் ஜெபராஜை உங்களுக்குத் தெரியும். நீங்கள் படுத்த படுக்கையாக இருந்தபோது கவிதாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்தவர். ஒருநாள் அவர் அவளை விட்டுவிட்டுக் கிளம்பிய பிறகுதான், உனக்கும் ஒரு துணை வேண்டும் என்று பேச்சை எடுத்தீர்கள். நான் காதில் விழாதது மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தேன். இப்போது சரி என்று சொல்லிவிட்டேன் அத்தை. தை மாதம் கல்யாணம். கவிதாவிடம் சொன்னதற்கு, இனிமேலும் அப்பாயி ஊருக்குப் போவோமா என்று மட்டும் கேட்டாள்.

திதி முடிந்ததும் உங்கள் மூத்த மகனிடம் பயந்துகொண்டேதான் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டார். போச்சு என்று நினைத்தேன். திரும்பி வந்து, “நானும் என்ற சம்சாரமும் வந்து முன்னாடி நிக்கறோம் அம்மிணி. உனக்கும் புள்ளைக்கும் இது உங்க ஊடு. எப்ப வேணுமின்னாலும் வாங்க,” என்றார்.

வருவோம் அத்தை. வருஷம் தவறாமல் கவிதாவைக் கூட்டிக்கொண்டு வருவேன். அவள் அப்பா எப்படிப் போனார் என்று அவள் கேட்கும் வயது வரும். வேறு யார் வாயாலும் கேட்க விடாமல், நானே உட்காரவைத்துச் சொல்வேன்.

தைக்குப் பிறகும் உங்கள் மருமகளாகவே இருக்கும்,
செல்வி